பிளம்பர் உரிமம் வாங்கித் தருவதாகச் சொல்பவர்களிடம் ஏமாறாதீர்கள்

பிளம்பர் உரிமம் பெற வேண்டும் என்று பயிற்சி நிலையம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும், உரிமம் இருப்பதாகச் சொல்லும் ஒருவரிடம் ஏற்கெனவே வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். என் உரிம விண்ணப்பம் சென்ற மாதம் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. உடன் வந்த கடிதத்தில் இரண்டு காரணங்கள் இருந்தன. நான் இணைத்திருந்த சான்றிதழை வழங்கிய பயிற்சி நிலையம் அங்கீகாரம் பெற்றதன்று; நான் காட்டியிருந்த பணி நேரம், செல்லுபடியாகும் உரிமம் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் கழிந்தது என்பதற்குச் சான்று இல்லை. மூன்று மாதப் பயிற்சியும் அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டு உழைப்பும் அந்த இரண்டு வரிகளில் கணக்கில்லாமல் போய்விட்டன. இவ்வளவுக்கும் நான் சோம்பேறித்தனமாகவோ குறுக்குவழியிலோ உரிமம் தேடியவன் அல்லன். யாரிடம் கேட்க வேண்டுமோ அவர்களிடம் கேட்காமல், என்னிடம் பணம் வாங்க இருந்தவர்களிடமே கேட்டேன். தவறு அங்கேதான் நடந்தது.

பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தில் ‘மூன்றே மாதத்தில் லைசன்ஸ் பெற்ற பிளம்பர் ஆகுங்கள்’ என்று இருந்தது. சேரும் அன்று அலுவலகத்தில் இருந்தவரிடம், படிப்பு முடிந்ததும் உரிமம் கையில் கிடைத்துவிடுமா என்று நேரடியாகவே கேட்டேன். “எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்வோம் தம்பி, நீங்கள் வகுப்புக்கு ஒழுங்காக வந்தால் போதும்” என்றார். இந்த உரிமம் எல்லா நாடுகளிலும் செல்லும் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்ட உடனேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். பிளம்பர் உரிமம் என்பது அந்தந்தப் பகுதியின் அரசோ, சட்டத்தால் அமைக்கப்பட்ட வாரியமோ, உள்ளாட்சி அமைப்போ வழங்குவது. ஒரு மாநிலத்தில் பெற்றது பக்கத்து மாநிலத்திலேயே செல்லாமல் போகக்கூடும். பிரிட்டனில் பொதுவான பிளம்பிங் வேலைக்கு உரிமமே கட்டாயமில்லை. ஆனால் எரிவாயுக் குழாயைத் தொட வேண்டுமானால் 2009 முதல் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் பெயர் இருந்தாக வேண்டும். நாட்டுக்கு நாடு இத்தனை வேறுபாடு உள்ள ஒன்றில், உலகம் முழுவதும் செல்லும் உரிமத்தைத் தருவதாக ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று அங்கேயே முடிவுகட்டிவிடலாம்.

அங்கே சொல்லிக் கொடுத்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணத்தைவிட அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. மூன்று மாதமும் மேசை மேல் குழாய் வெட்டினோம், எல்போ, டீ எனும் இணைப்புத் துண்டுகளைப் பொருத்தினோம், பொருத்தியதை ஆசிரியர் பார்த்துத் தலையசைத்ததும் அடுத்ததற்குப் போனோம். ஒரு நாள்கூட அந்த இணைப்புகளில் தண்ணீரை ஏற்றி அழுத்தம் கொடுத்துச் சோதித்ததில்லை. பின்னர் முதன்முதலாக ஒரு கட்டடத்தில் நான் ஒட்டிய சிபிவிசி எனும் பிளாஸ்டிக் குழாய் வரிசையில் பம்பால் அழுத்தம் ஏற்றி, வால்வை மூடிவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முள் முதலில் அசையவில்லை. சிறிது நேரத்தில் ஒரு கோட்டளவு இறங்கியது, பிறகு இன்னொரு கோடு. எந்த இணைப்பு கசிகிறது என்று விரலால் தடவித் தடவித் தேடினேன். மூன்று இடங்களில் ஈரம் இருந்தது, மூன்றும் நான் ஒட்டியவை. அங்கிருந்த மூத்த பிளம்பர் ஒருவர் அந்த இணைப்பை வெட்டி எடுத்துக் காட்டினார். ஹாக்சா பிளேடால் அறுத்த குழாயின் விளிம்பில் பிசிறு அப்படியே இருந்தது. பிசிறை எடுத்து, விளிம்பைச் சற்றுச் சாய்வாகச் சீவாமல் உள்ளே தள்ளினால், அந்தக் கூர்விளிம்பே சாக்கெட்டில் தடவிய சால்வென்ட் சிமென்ட் எனும் பசையை வழித்துக்கொண்டு போய்விடும் என்றும், உள்ளே செலுத்தும்போது கால் திருப்புத் திருப்பிச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும் என்றும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் வாரத்திலேயே கற்றுத் தந்திருக்க வேண்டிய பாடம் இது.

அதைவிடப் பெரிய குறை, எதையுமே ஏன் செய்கிறோம் என்று சொல்லித் தராதது. வாஷ்பேசினுக்குக் கீழே டிராப் எனும் வளைந்த குழாயை மாட்டச் சொன்னார்கள். அதன் வளைவில் தேங்கி நிற்கும் நீர்தான் சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது என்பதையும், அந்த நீரடைப்பு குறைந்தது 50 மில்லிமீட்டர் ஆழமாவது நிற்க வேண்டும் என்று பல விதிநூல்கள் சொல்வதையும், கழிவுக் குழாய்க்குள் காற்று வரவிடும் வென்ட் குழாய் சரியாக இல்லையென்றால் பக்கத்தில் ஓடும் கழிவுநீர் அந்த நீரை உறிஞ்சி இழுத்துவிடும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்குப் பரவியபோது, குளியலறைத் தரை வடிகால்களின் டிராப்புகளில் நீர் வற்றிக் கிடந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. 1933-இல் சிகாகோவில் இரண்டு விடுதிகளின் குழாய் அமைப்பில் இருந்த கோளாறுகளால் கழிவுநீர் குடிநீரில் கலந்து, அமீபா வயிற்றுக்கடுப்பில் ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள். உரிமத் தேர்வில் டிராப், வென்ட், பின்னோட்டத் தடுப்பு (அழுக்கு நீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பாமல் தடுப்பது) ஆகியவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இவைபோன்ற துயரங்கள்தாம் காரணம். இவற்றைத் தொடாமலே ஒரு நிலையம் ‘முழுமையான பிளம்பிங் படிப்பு’ என்று சொல்லிக்கொண்டது.

பயிற்சி முடிந்ததும் கெட்டியான தாளில், பொன்னிற ஓரமும் பெரிய முத்திரையும் உள்ள சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தார்கள். உரிமம் எங்கே என்று கேட்டதற்கு, இனி ஒரு உரிமம் பெற்ற பிளம்பரிடம் வேலை செய்தால் போதும், அதற்கான ஆளும் எங்களிடமே இருக்கிறார் என்று ஒரு ஒப்பந்ததாரரிடம் அனுப்பினார்கள். இரண்டாவது ஏமாற்றம் இங்கே தொடங்கியது.

பெரும்பாலான இடங்களில் உரிமத்தின் முதுகெலும்பு இந்த மேற்பார்வைப் பணி நேரம்தான். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பயிற்சிக் காலத்தை முடித்த பிளம்பருக்கு உரிய ஜர்னிமேன் எனப்படும் நிலைக்கு 8,000 மணி நேரம் வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பயிற்சிக் காலம் 9,000 மணி நேரம். முழுநேரம் உழைத்தாலும் நான்கைந்து ஆண்டுகள் ஆகும் கணக்கு இது. என் பகுதியில் கேட்கும் அளவு வேறு என்றாலும் முறை ஒன்றுதான்: உரிமம் உள்ளவர் ஒருவர் உங்களைத் தம்மிடம் பயிற்சி பெறுபவராகப் பதிவு செய்ய வேண்டும், அவருடைய கண் முன்னே நீங்கள் வேலை செய்ய வேண்டும், செய்த நேரத்தை அவர் தம் உரிம எண்ணோடு கையெழுத்திட்டு உறுதிசெய்ய வேண்டும். பதிவு செய்வதற்கு முன்னால் உழைத்த நேரம் பல இடங்களில் கணக்கிலேயே வராது.

ஒப்பந்ததாரரின் அறைச் சுவரில் சட்டமிட்ட உரிமம் ஒன்று மாட்டியிருந்தது. அதைத் தினமும் பார்த்தேன்; ஒரு நாளும் அருகில் போய்ப் படிக்கவில்லை. பதிவைப் பற்றிக் கேட்டபோது, “அதெல்லாம் ஆகிவிட்டது” என்றார். மாதாமாதம் நேரக் கணக்கில் கையெழுத்துக் கேட்டபோது, “நான் எங்கே ஓடிப்போகப் போகிறேன்? கடைசியில் மொத்தமாகப் போட்டுத் தருகிறேன்” என்றார். அவர் என்னிடம் கடுமையாக ஒரு சொல் பேசியதில்லை, ஊதியத்தையும் பெரும்பாலும் நாளில் கொடுத்துவிடுவார். அதனாலேயே நான் மேலும் வற்புறுத்தவில்லை. இரண்டு ஆண்டு முடிவில் சொன்னபடி மொத்தமாகவே கையெழுத்துப் போட்டார், ஓர் உரிம எண்ணும் எழுதிக் கொடுத்தார்.

விண்ணப்பம் திரும்பியதும் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கிருந்த அம்மையார் என் தாள்களைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு, கணினித் திரையை என் பக்கம் திருப்பி, அந்த உரிம எண்ணைத் தட்டினார். அது ஒப்பந்ததாரருடைய எண்ணே அன்று. அவருடன் முன்னொரு காலத்தில் கூட்டாகத் தொழில் செய்த வேறொருவருடையது. நான் வேலைக்குச் சேர்வதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே அதன் காலம் முடிந்து, புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. பயிற்சி பெறுபவராக என் பெயரில் பதிவு எதுவும் இல்லை. “நீங்கள் உழைத்ததை நான் சந்தேகப்படவில்லை தம்பி. ஆனால் யாருடைய பொறுப்பில் உழைத்தீர்கள் என்று இதில் காட்ட முடியவில்லையே” என்றார். அந்தத் தேடல் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அந்த ஒரு நிமிடத்தை நான் செலவிடவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. எந்த நிலையத்திலும் கட்டணம் கட்டுவதற்கு முன், உங்கள் பகுதியில் உரிமம் வழங்கும் அமைப்பு எது என்று கண்டுபிடித்து, அந்த நிலையத்தின் பெயரைச் சொல்லி, இதன் சான்றிதழை ஏற்பீர்களா என்று அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள். வேலைக்குச் சேரும் முன் மேற்பார்வையாளரின் பெயரையும் உரிம எண்ணையும் கேட்டு வாங்கிப் பதிவேட்டில் தேடுங்கள். பெயர் பொருந்துகிறதா, எந்த நாள்வரை செல்லும், எந்த வகை வேலைக்கு உரியது என்ற மூன்றையும் பாருங்கள். கேட்டதற்கு ஒருவர் கோபப்பட்டால், அவரிடம் சேராமல் இருப்பதே நல்லது. ஒழுங்கான உரிமம் உள்ளவர் அதைக் காட்டத் தயங்கமாட்டார். பதிவு ஆகிவிட்டது என்று அவர் வாயால் சொல்வதை ஏற்காமல், பதிவு எண்ணையோ ஒப்புகைத் தாளையோ உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கைப் பற்றி இன்னொன்று. சில இடங்களில் மொத்த மணி நேரம் மட்டும் போதாது. குடிநீர் இணைப்பு, கழிவுநீர் வடிகால், வென்ட், வெந்நீர் அமைப்பு என வகைவாரியாக அனுபவம் காட்டச் சொல்வார்கள். நான் இரண்டு ஆண்டில் பெரும்பகுதி பழைய குழாய் முனைகளையும் கழிவறைத் தொட்டிகளையும் மாற்றும் வேலைதான் செய்தேன். உரிமம் செல்லுபடியாகியிருந்தாலும்கூட அந்தக் கணக்கு எனக்குப் போதுமானதாக இருந்திருக்காது. அதனால் நாள், கட்டடம், செய்த வேலையின் வகை, நேரம் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வாரந்தோறும் கையெழுத்து வாங்குங்கள், படமெடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் நிலைமை தெரிந்ததும், பணம் கொடுத்தால் தேவையான மணி நேரத்துக்குக் கையெழுத்திட்டுத் தருகிறேன் என்று ஒருவர் தாமாகவே வந்தார். மனம் சோர்ந்திருந்த அந்த வாரத்தில் அதைக் கேட்டு ஒரு கணம் தடுமாறினேன் என்பதை மறைக்கப்போவதில்லை. பொய்க் கணக்கு பின்னால் தெரியவந்தால் விண்ணப்பம் தள்ளுபடியாவதோடு நிற்காது. பெற்ற உரிமமும் பறிபோகும், மறுபடி விண்ணப்பிக்கவும் தடை வரக்கூடும். அவருடன் அத்தோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

பயிற்சி நிலையத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நான் கையெழுத்திட்ட சேர்க்கைப் படிவத்தின் அடியில், கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டுமே தெரியும் எழுத்தில், இப்பயிற்சி உரிமத்துக்கு உறுதி அளிப்பதன்று என்று அச்சிட்டிருந்ததைக் காட்டினார்கள். அப்படியிருந்தும் புகார் கொடுத்திருக்கிறேன். விளம்பரத் துண்டறிக்கையும், எல்லா நாடுகளிலும் செல்லும் என்று அவர்கள் கைப்பேசியில் அனுப்பிய செய்தியும் என்னிடம் பத்திரமாக இருந்ததால் புகார் ஏற்கப்பட்டது. பணம் இன்னும் வரவில்லை. ஒப்பந்ததாரர் மீதும் உரிம அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன், ஏனென்றால் அவரிடம் இப்போதும் இரண்டு பேர் வேலை கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். ஒருவர் நம்பினார், மற்றவர் நம்பவில்லை.

ஒரே ஆறுதல், கசிந்த இணைப்பை வெட்டிக் காட்டிய அந்த மூத்த பிளம்பர். அவருடைய உரிமம் செல்லுபடியாகும் ஒன்று. அந்தக் கட்டடத்தில் ஐந்து மாதம் என் வேலையை அவர்தான் மேற்பார்த்தார் என்று கட்டடத்தின் வருகைப் பதிவேட்டை இணைத்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த நேரத்தையாவது ஏற்பார்களா என்பதை அலுவலகம் பரிசீலித்துவருகிறது. இப்போது அவரிடமே பயிற்சி பெறுபவனாகச் சேர்ந்திருக்கிறேன். சேர்ந்த முதல் நாள், நான் கேட்பதற்கு முன்பே தம் உரிம அட்டையை எடுத்து என்னிடம் நீட்டி, எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். மறுநாள் இருவரும் சேர்ந்து போய் என் பெயரைப் பதிவு செய்துவிட்டு வந்தோம்.