விட்டுவிட்டு வரும் ஸ்டார்ட்டிங் கோளாறு: டெஸ்ட் லாம்பா, மல்டிமீட்டரா?

பழைய லாரி ஒரு நாள் கிளம்பி மறுநாள் அடம்பிடித்தால், ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றுவதற்கு முன் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும். அதற்கு டெஸ்ட் லாம்ப் (மின்சாரம் வந்தால் எரியும் சிறு சோதனை விளக்கு) அல்லது மல்டிமீட்டர் (வோல்டேஜ், மின்தடை போன்றவற்றை அளக்கும் மீட்டர்) பயன்படும்.

செலவு: டெஸ்ட் லாம்ப் மலிவு, மல்டிமீட்டர் சற்றுக் கூடுதல்.
எளிமை: விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போதும்; மீட்டரைப் படிக்கத் தெரிய வேண்டும்.

களிம்பேறிய இணைப்பிலும், மின்சுமை இல்லாதபோது, மீட்டர் முழு வோல்டேஜைக் காட்டிவிடும். விளக்கோ மின்னோட்டத்தை இழுப்பதால் மங்கிக் காட்டிக்கொடுக்கும். ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும் ஸ்டார்ட்டர் கேபிளில் விளக்கால் பயனில்லை. 12 வோல்ட் வண்டியில் ஸ்டார்ட்டர் சுழலும்போது, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மீட்டர் சுமார் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அவ்விரண்டையும் இணைக்கும் எர்த் இணைப்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும். (மீட்டரின் ஓம் அளவீட்டை, அதாவது மின்தடை அளவை, நம்ப வேண்டாம்; சில இழைகளே மிஞ்சிய கேபிளும் அதில் நல்லதாகத் தோன்றும்.)

பியூஸ், சுவிட்ச், விளக்குக் கம்பிகளுக்கு டெஸ்ட் லாம்ப் போதும்; ஸ்டார்ட்டிங் கோளாறுக்கு மல்டிமீட்டரே தேவை.