மாரிசனின் மேடையும் கர்டிஸின் வீடும்

பெங்களூரு அல்சூரில் நண்பர் வீட்டு மாடியில் அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் இரண்டு படங்கள் பார்த்தோம். ஆலிவர் ஸ்டோனின் ‘தி டோர்ஸ்’ (1991), ஆன்டன் கார்பைனின் ‘கண்ட்ரோல்’ (2007). இரண்டும் தன்னைத்தானே அழித்துக்கொண்ட ராக் பாடகர்களின் வாழ்க்கை. டோர்ஸ் குழுவின் பாடகர் ஜிம் மாரிசன் 1971இல் பாரிசில் இறந்தபோது வயது 27. இங்கிலாந்தின் ஜாய் டிவிஷன் குழுவின் பாடகர் இயன் கர்டிஸ், 1980இல் குழு அமெரிக்கா புறப்படவிருந்த வேளையில் உயிரை மாய்த்துக்கொண்டார்; அவருக்கு 23.

முதல் படத்தை மாரிசனாக வரும் வால் கில்மருக்காகவே பார்க்கலாம். பல பாடல்களை அவரே பாடியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டால் மாரிசனின் குரல்தானோ என்று மனம் தடுமாறுகிறது. ஆனால் படத்துக்குக் குடியும் போதையும் திருவிழா. கவிதை எழுதிய, விழுந்து விழுந்து படித்த மாரிசன் அந்த ஆரவாரத்தில் காணாமல் போகிறார். தம் நண்பரை இப்படிக் காட்டியதைக் டோர்ஸ் குழுவின் கீபோர்டு கலைஞர் ரே மன்சரெக் வெளிப்படையாகவே கண்டித்தார். அவர் கோபம் நியாயமானது.

‘கண்ட்ரோல்’ கறுப்பு வெள்ளைப் படம். ஜாய் டிவிஷனை 1979இல் புகைப்படம் எடுத்த கார்பைனுக்கு இதுவே முதல் முழுநீளப் படம். கர்டிஸின் மனைவி டெபோரா எழுதிய நினைவு நூலிலிருந்து பிறந்ததால், கதை மேடையிலிருந்து அடிக்கடி வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. மேக்கிள்ஸ்பீல்டின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கர்டிஸுக்கு வேலை. முதுகில் ‘வெறுப்பு’ என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதிய கோட்டைப் போட்டுக்கொண்டு, நேரம் தவறாமல் அலுவலகம் நடக்கிறார். வேலை தேடி அங்கே வந்த ஒரு பெண், வலிப்பு வந்து அவர் கண்முன்னே விழுகிறாள். பின்னர் அவள் இறந்துவிட்டாள் என்று தெரியவருகிறது. அது பாடலாகிறது. அதே நோய் அவரையும் பிடிக்கிறது. மாத்திரைகள், கைக்குழந்தை, இன்னொரு காதல் என்று ஒவ்வொன்றாக நெருக்க, அவர் பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. கர்டிஸாக வரும் சாம் ரைலியும் குழுவினராக வரும் நடிகர்களும் தாங்களே பாடி வாசித்திருப்பதால், மேடையில் அவர் உடல் துடிக்கும்போது அது ஆட்டமா வலிப்பா என்று நமக்கும் பதறுகிறது.

டெபோராவாக வரும் சமந்தா மார்ட்டனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தாயின் நினைவு. கல்லூரி நாட்களில் எங்கள் குழுவில் கிடார் வாசித்தவன், 2007இல் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு அயர்ன் மெய்டன் இசைக்குழு வந்தபோது என் தோளோடு தோள் நின்றவன், குடியால் போய்விட்டான். மேடையில் அவன் தள்ளாடியபோது கைதட்டியவர்களில் நானும் உண்டு. ஒத்திகை முடிந்து எந்நேரம் போனாலும் அவன் அம்மா எங்களுக்குத் தோசை வார்த்துப் போடுவார்.

ஒரே இரவுதான் இருக்கிறது என்றால் ‘கண்ட்ரோல்’ பாருங்கள். முதல் படம் முடிந்ததும் பாடல்களைத் திரும்பப் போட்டுக் கேட்டோம். இரண்டாவது முடிந்ததும் நண்பர் அந்தக் கிடார்க்காரனின் அம்மாவுக்குப் போன் செய்தார்.