சோப்பில் குறையில்லை, நிறம்தான் பாடாய்ப் படுத்துகிறது

வருஷக்கணக்காக வீட்டிலேயே சோப்பு செய்கிறாயே, நானும் ஆரம்பிக்கலாமா என்று தோழி கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை, அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரை அதன்மேல் ஊற்றக்கூடாது, கையுறையும் கண்ணுக்குக் காப்பும் இல்லாமல் கிட்டவே போகக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் 30 சதவீதம், விளக்கெண்ணெய் 5, மிச்சமெல்லாம் ஆலிவ் எண்ணெய், காரத்தை, அதாவது காஸ்டிக் சோடாவை, மட்டும் எண்ணெய்க்கு வேண்டிய அளவைவிட 5 சதவீதம் குறைத்துப் போடுவேன். இந்தக் கணக்கை நான் மாற்றுவதே இல்லை. தேங்காய் எண்ணெய் நுரையைத் தரும், விளக்கெண்ணெய் அந்த நுரையைச் சட்டென்று அடங்கவிடாது. எண்ணெய் சோப்பாக மாறும்போது உண்டாகும் கிளிசரின் கட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது, குளித்து முடித்தால் தோல் இழுப்பதில்லை. வெட்டியபின் ஆறு வாரம் காற்றாட விட்டு, தண்ணீர் தேங்காத தட்டில் வைத்துப் புழங்கினால் நன்றாகவே உழைக்கிறது. இதிலெல்லாம் எனக்கு ஒரு புகாரும் கிடையாது.

அப்புறம் இந்த நிறம் இருக்கிறதே!

செம்பருத்திப் பொடி கலவையில் விழுந்த கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு போய்ச் சேற்று நிறம் வந்துவிடும். பீட்ரூட்டும் பழுப்புதான். இலைப்பொடிகள் வெட்டிய அன்றைக்குப் பளிச்சென்று பச்சையாக நிற்கும், கட்டி காய்ந்து கைக்கு வருவதற்குள் காக்கி ஆகிவிடும். மஞ்சள் தூள் இன்னும் மோசம். சுண்ணாம்பு பட்டால் சிவக்கிற அதே குணம்தான், காரத்தில் விழுந்ததும் செக்கச்செவேல் என்று ஆகி, கட்டி முதிர முதிர ஆரஞ்சுக்கு இறங்கி, ஒருவழியாக நல்ல மஞ்சளுக்கு வந்து நிற்கும்போது வெளிச்சம் அதைத் தின்ன ஆரம்பித்துவிடும். நடுவில் மட்டும் காகிதம் சுற்றி ஜன்னலோரம் வைத்திருந்த ஒரு கட்டியைப் பிரித்துப் பார்த்தேன். காகிதம் மூடிய இடம் மஞ்சள், வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு முனையும் வெளிறிய சந்தனம், நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு எல்லை. ஒருத்தருக்குப் பரிசாகக் கொடுக்க வைத்திருந்தது.

நியாயமாகப் பார்த்தால் பூவையும் இலையையும் திட்டக்கூடாது. புளிப்பில் சிவந்து நிற்கிற நிறமிகளைக் காரத்தில் போட்டுவிட்டு, அவை தாக்குப்பிடிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டால் எப்படி? காரத்துக்கு அசராத செடிகளும் இருக்கின்றன. அவுரிப் பொடியின் நீலம் நிற்கும். ஆனால் ஆலிவ் எண்ணெயின் மஞ்சளோடு சேர்ந்து கொஞ்சம் பச்சைப்பக்கம் சாயும், கை தாராளமாகிவிட்டால் நுரையும் நீலமாக வரும். மஞ்சிட்டி வேர் எனக்கு உண்மையிலேயே பிடித்தது. காரத்தில் அதன் சிவப்பு ஓடிப்போவதில்லை, செங்கல் கலந்த ரோஜா நிறமாகக் கடைசிச் சில்லு வரை கூடவே வருகிறது. எனக்கு எரிச்சல் எல்லாம் அச்சிலிருந்து எடுத்த அன்றைக்கே படம் பிடித்துப் போட்டு 'இயற்கைப் பச்சை' என்று காட்டுகிறவர்கள்மேல்தான். ஆறு வாரம் கழித்து அதே கட்டியைக் காட்டட்டுமே.

ஆக, ஆரம்பிக்கலாமா என்று கேட்டவளுக்கு என் பதில், வேண்டாம். சோப்பு அருமைதான், நான் வேறு எதையும் தேய்த்துக் குளிப்பதில்லை, இனியும் குளிக்கப் போவதில்லை. ஆனால் உனக்கு நிறத்தின்மேல்தான் ஆசை, அது எனக்குத் தெரியும். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். போன வாரம் கேட்டிருந்தால் நாலு போட்டிருப்பேன், இன்று காலையில் அலமாரியைத் திறந்து அந்தக் காக்கியைப் பார்த்துத் தொலைத்துவிட்டேன்.