கட்டணமா, வெகுமதியா: காரை வீட்டில் விட வைப்பது எது?

காரை எடுத்தால் காசு கட்டு என்பது ஒரு வழி. எடுக்காவிட்டால் காசு தருகிறேன் என்பது இன்னொன்று. கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான், மனசுக்கு அப்படி இல்லை.

ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரி முதல் ஜூலை வரை நகர மையத்துக்குள் வந்துபோகும் வண்டிகளிடம் நெரிசல் கட்டணத்தைச் சோதனையாக வசூலித்தார்கள். கட்டண எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. முதலில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். சாலையில் நெரிசல் குறைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, செப்டம்பர் வாக்கெடுப்பில் நகர மக்கள் ஆதரித்தார்கள்.

அதே ஆண்டு நெதர்லாந்தில் நேர்மாறான சோதனை: காலை நெரிசலில் கார் ஓட்டாதவருக்கு நாளுக்கு 3 முதல் 7 யூரோ. பலர் காரை விடவில்லை. முன்னதாகவோ பின்னதாகவோ கிளம்பினார்கள், அவ்வளவுதான். பணம் நின்றதும் பெரும்பாலும் பழைய பழக்கமே திரும்பியது.

சரி, வெகுமதி வீணா? இல்லை. கலிபோர்னியாவில் 1992-ல் வந்த சட்டப்படி, சில நிறுவனங்கள் பார்க்கிங் இடம் வேண்டாம் என்னும் ஊழியருக்கு அதற்கான பணத்தைக் கையில் தர வேண்டும். எட்டு நிறுவனங்களை ஆராய்ந்தபோது, தனியாகக் காரில் வருவோர் 76-லிருந்து 63 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். இலவசம் என்று நினைத்த இடத்தில் தன் பணம் நிற்கிறது என்று தெரிந்ததும் மனசு மாறிவிடுகிறது.

நகர மையத்துக்கு என் ஓட்டு கட்டணத்துக்கே. ஆனால் பஸ் முதலில் வர வேண்டும். ஸ்டாக்ஹோமில் கட்டணத்துக்குச் சில மாதங்கள் முன்பே, 2005 ஆகஸ்டில், கூடுதல் பஸ்கள் ஓடத் தொடங்கியிருந்தன.