பாவித்த வேர்க்ஸ்டேஷனா, புதுக் கேமிங் லப்டொப்பா?

திருகோணமலை உப்புவெளியில் என் வேலை மேசை கடற்கரையிலிருந்து ஒரு முந்நூறு மீற்றர் தள்ளி இருக்கிறது. யன்னலைத் திறந்தால் காற்று வரும், காற்றோடு உப்பும் வரும். சைக்கிள் செயின், கதவுப் பிணைச்சல், விசிறியின் கம்பிக்கூடு என்று எல்லாவற்றையும் தின்கிற உப்பு. லப்டொப்பையும் தின்னும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கேமிங் லப்டொப்பைப் பறிகொடுத்த பிறகுதான் தெரிந்தது.

என் வேலை வீட்டுப் பிளான் கீறுவது. ஓட்டோகேட், ரெவிட், இடைக்கிடை லூமியனில் முப்பரிமாணப் படம். வீட்டுக்காரர் பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். சுவரின் நிறத்தைக்கூட படத்தில் பார்த்த பிறகுதான் சரி என்பார்கள். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் காணி என்றால் ட்ரோனில் எடுத்த படங்களை மெட்டாஷேப்பில் தைத்து நிலமட்டம் பார்ப்பதும் உண்டு. இந்த வேலைக்கெல்லாம் சாதாரண லப்டொப் போதாது. டெஸ்க்டொப் மலிவு என்று சொல்வீர்கள், உண்மைதான். ஆனால் 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தைப் பார்த்த எனக்கு, பற்றரி இல்லாத கணினியில் வேலை செய்கிற துணிவு இன்னும் வரவில்லை. மாக்புக்கில் ரெவிட் நேரடியாக ஓடாது, அந்தக் கதை அங்கேயே முடிந்தது.

ஆகவே மிஞ்சியது இரண்டு. ஒன்று, கடையில் பெட்டி பிரிக்காமல் கிடைக்கிற கேமிங் லப்டொப். மற்றது, வெளிநாட்டுக் கம்பனிகள் மூன்று நான்கு வருடம் பாவித்துக் கழித்துவிட்ட வேர்க்ஸ்டேஷன், அதாவது பாரமான தொழில் வேலைக்கென்று செய்த லப்டொப்: லெனோவோ திங்க்பேட் பி53, டெல் பிரிசிஷன் 7550, ஹெச்பி ஸெட்புக் ஃபியூரி போன்றவை. முதலாவதை இரண்டரை வருடம் வைத்திருந்தேன். இப்போது கையில் இருப்பது பி53.

வேகத்தில் கேமிங் லப்டொப்தான் மேல், இதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்ட் உள்ள புது மெஷினில் கிராபிக்ஸ் நினைவகம் 8 ஜிபி. என் பி53இல் இருப்பது குவாட்ரோ ஆர்டிஎக்ஸ் 3000, 6 ஜிபி, அதுவும் 2019ஆம் ஆண்டின் சரக்கு. லூமியனில் மரம், புல், தண்ணீர் எல்லாம் நிரப்பிய ஒரு காட்சியை ஓடவிட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ‘குவாட்ரோ என்றால் கேட் (கணினியில் பிளான் கீறுகிற) வேலைக்கென்றே செய்தது’ என்று விற்பவர்கள் சொல்வதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். உள்ளே இருக்கிற சிப் பெரும்பாலும் அதே குடும்பம்தான். வித்தியாசம் ட்ரைவரிலும், மென்பொருள் கம்பனிகள் கொடுக்கிற சான்றிதழிலும். என் அளவு வேலைக்கு கேமிங் லப்டொப்பின் ஜீஃபோர்ஸ் கார்ட் ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை.

பிறகு ஏன் மாறினேன்? கீபோர்டால்.

கேமிங் லப்டொப் வாங்கி இரண்டாவது மாரி. ஒரு காலை, கோட்டை வெட்டுகிற ‘ட்ரிம்’ கட்டளை போட டீயை அழுத்துகிறேன், விழவில்லை. பலமாக அழுத்தினால் இரண்டு டீ விழுகிறது. அடுத்த கிழமை எஸ்கேப் போனது. ஓட்டோகேட்டில் எஸ்கேப் இல்லாமல் வேலை செய்வது பிரேக் இல்லாத ஓட்டோவில் டொக்யார்ட் வீதியில் போவது மாதிரி. நகரத்தில் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனேன். பொடியன் கழற்றி, மெயின்போர்டைத் தூக்கி, கீபோர்டின் அடிப்பக்கத்தைக் காட்டினான். ஸ்குரூ ஒன்றுகூட இல்லை. சின்னச் சின்ன பிளாஸ்டிக் முளைகளை உருக்கி மேல்மூடியோடு ஒட்டியிருக்கிறார்கள்.

“அண்ணா, இதைத் தனியா மாத்தேலாது. மேல்மூடி முழுசா வரவழைக்க வேணும்,” என்றான்.

வந்துசேர ஐந்து கிழமை. அதுவரை லப்டொப்பின் மேல் ஒரு யூஎஸ்பி கீபோர்டைக் குறுக்கே வைத்துக்கொண்டு வேலை. மாற்றி ஒரு வருடத்தில் அதே கதை திரும்பவும். வாரண்டி கேட்டால், ஈரத்தால் வந்த பழுது அதில் அடங்காது என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது.

இது அந்த ஒரு கம்பனியின் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. பெயரையும் அதனால்தான் சொல்லவில்லை. உப்பின் குணம் அப்படி. காற்றில் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கச்சான் காற்று வீசுகிற காலத்தில் பொரிகிற வெயிலில் அது காய்ந்த தூசியாகச் சும்மா கிடக்கும். வாடைக் காற்று தொடங்கி மழை பிடித்ததும் அதே தூசி மெல்லிய உப்புத் தண்ணீராகிவிடும். கரண்ட் கடத்தும், உலோகத்தை அரிக்கும். கீபோர்டுக்குள் பிளாஸ்டிக் தாளில் மயிரிழை போல ஓடுகிற தடங்கள்தான் அதற்கு முதல் சாப்பாடு. விசிறிகளும் வெளியே நீட்டுகிற போர்ட்டுகளும் அதற்கு அடுத்து. ஏசி அறையில் பூட்டி வைத்தால் தப்பலாம். எனக்கு ஏசி இல்லை.

அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி எது வேகம் என்பதல்ல, எதை நானே திறந்து மாற்றலாம் என்பதுதான். பி53இல் கீபோர்டு மேல்பக்கமாகவே கழன்று வரும். முதலில் பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கிற அமைப்புத் திரை) போய் உள்ளிருக்கிற பற்றரியைத் தூங்கவைக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அதைச் செய்ய வேண்டும். பிறகு கவிழ்த்து, அடிமூடியைத் திறந்து, கீபோர்டைப் பிடித்திருக்கிற ஸ்குரூக்களைத் தளர்த்தி, நிமிர்த்தி, கீபோர்டைக் கொஞ்சம் நகர்த்தித் தூக்கினால் ரிப்பனோடு வந்துவிடும். முதல்முறை செய்தபோது எனக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அதில் அரை மணித்தியாலம் பயம். எந்த ஸ்குரூ எங்கே, எத்தனை மில்லிமீற்றர் என்று லெனோவோ தன் பராமரிப்புக் கையேட்டிலேயே படம் போட்டு இலவசமாகக் கொடுத்திருக்கிறது. டெல்லும் ஹெச்பியும் தங்கள் வேர்க்ஸ்டேஷன்களுக்கு அப்படிக் கொடுக்கின்றன. ஆனால் அவற்றைக் கழற்றிப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. ஒரு பிரிசிஷன் 7550ஐ நண்பரின் மேசையில் பாவித்தது மட்டும்தான். கை வைக்க நல்ல மெஷின்.

இரண்டாவது இலாபம் ரேம். பி53இல் நான்கு இடம்: இரண்டு அடிமூடிக்குக் கீழே, இரண்டு கீபோர்டுக்குக் கீழே. மொத்தம் 128 ஜிபி வரை ஏற்றலாம். நான் வாங்கும்போது 32 இருந்தது, பிறகு இரண்டு 16ஐச் சொருகி 64 ஆக்கினேன். பழைய லப்டொப்பில் 16 ஜிபியை வைத்துக்கொண்டு குச்சவெளிக் காணி ஒன்றின் நானூறு படங்களைத் தைக்கப்போய், இரவு முழுக்க ஓடவிட்டு, விடியப் பார்த்தால் மெட்டாஷேப் நின்றுபோய்க் கிடந்தது. இப்போது அந்தக் கவலை இல்லை. பாவித்ததை வாங்கினாலும் இதைக் கவனியுங்கள்: 2022இல் வந்த பிரிசிஷன் 7670 போன்ற சிலவற்றில் ‘காம்’ என்ற புதுவகை ரேம் பலகையும் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் திருகோணமலைக் கடையில் போய்க் கேட்டால் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

பழசை வாங்குவதில் ஆபத்து இல்லாமல் இல்லை. நான் இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் ஒரு நாள் முழுக்க அலைந்துதான் வாங்கினேன். புதுக் கேமிங் லப்டொப்பின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் கூட. கையில் காசைக் கொடுக்குமுன் பயோஸைத் திறக்கச் சொல்லுங்கள். சுப்பர்வைசர் பாஸ்வேர்ட் கேட்டால் அப்படியே எழும்பி வாருங்கள். திங்க்பேட்டில் அது மறந்துபோனால் மெயின்போர்டை மாற்றுவதுதான் லெனோவோ சொல்கிற வழி. பழைய முதலாளிக் கம்பனியின் பூட்டு இன்னும் கிடக்கிறதா என்று அறிய, விண்டோஸைப் புதிதாகப் போட்டு இணையத்தோடு இணைத்துப் பாருங்கள். ஒரு கம்பனியின் பெயரோடு வரவேற்றால் அதுவும் வேண்டாம். பற்றரி ரிப்போர்ட்டையும் எடுங்கள். என்னுடையதில் 90 வாட்-அவர் பற்றரி 68க்கு இறங்கியிருந்தது, அதைச் சொல்லி விலை குறைத்தேன். அப்புறம், மலிவு என்று பழைய மொடலான பி51 பக்கம் போகாதீர்கள். அது 7ஆம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

பழகுவதற்கு ஒரு மாதம் பிடித்தது. பாரம் இரண்டரைக் கிலோ, அதோடு 230 வாட் சார்ஜர், செங்கல் மாதிரி. சைட்டுக்குப் போகும்போது தோள் சொல்லும். இடதுபக்க மூலையில் கன்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என் இருக்கிறது. முதல் கிழமை நான் கொப்பி பண்ணியதெல்லாம் கொப்பியாகவில்லை. பயோஸில் இரண்டையும் மாற்றிப்போடலாம் என்று தெரிந்ததும் நிம்மதி. ஆனால் டச்பேட்டின் கீழே மூன்று பட்டன் இருக்கிறது. நடுப் பட்டனைப் பிடித்துக்கொண்டு வரைபடத்தை நகர்த்தலாம். மௌஸ் இல்லாமல் ஓட்டோவுக்குள் இருந்துகூடப் பிளான் திருத்தியிருக்கிறேன்.

சூட்டுக்கு ஒரு வழி. ஜூன், ஜூலை மத்தியானத்தில் கச்சான் வீசும்போது விசிறி ஜெட் மாதிரி இரையும். விண்டோஸ் பவர் செட்டிங்கில் ப்ராசசரின் உச்ச நிலையை 100இலிருந்து 99 ஆக்கினால் டர்போ, அதாவது தேவைக்கு வேகத்தை ஏற்றுகிற வசதி, நின்றுவிடும். வேகம் குறையும், சத்தமும் சூடும் சட்டென்று இறங்கும். கோடு கீறுகிற வேலைக்கு அது போதும். முப்பரிமாணப் படம் ஆக்குகிற ரெண்டரிங் வேலையை இரவுக்குத் தள்ளிவிடுவேன். வாங்கிய கையோடு, சிப்பின் சூட்டைக் கடத்துகிற பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகப் பூசினேன், பழசு சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. இப்போது வருடம் இரண்டு முறை, மாரிக்கு முன்னும் பின்னும், திறந்து தூரிகையால் துடைக்கிறேன். இது சோம்பேறிகளுக்கான மெஷின் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பி53 வந்து பதினெட்டு மாதம் ஆகிறது. ஒரு முறை கீபோர்டு மாற்றியாயிற்று. இந்த முறை போனது ஸ்பேஸ்பார். பழைய மேல்மூடிக்குக் கொடுத்ததில் கால்பங்குதான் செலவு. மெயின்போர்டு போனால் என் கணக்கு முழுக்கத் தலைகீழாகும், அதுவும் தெரியும்.

போன மாதம் சித்தியின் மகன் இதே கேள்வியோடு வந்தான். ஆனந்தபுரியில் இருக்கிறான், கலியாண வீடியோ எடிட் பண்ணுகிறவன். என்னுடையதையே பார்த்து ஆசைப்பட்டான். அவன் கமராவில் எடுப்பது எச்.265, 4:2:2, 10 பிட் என்கிற வகை வீடியோ. பி53இல் உள்ள 9ஆம் தலைமுறை இன்டெல்லுக்கு அதை வன்பொருளில் விரிக்கத் தெரியாது, டைம்லைன் திக்கித் திக்கித்தான் போகும். அதோடு அவன் அறையில் ஏசி ஓடுகிறது. “உனக்குப் புதுசுதான் தம்பி,” என்றேன். கேமிங் லப்டொப் ஒன்றை வாங்கிவிட்டான். கீபோர்டுக்கு ஒரு சிலிக்கோன் கவர் போடச் சொன்னேன். தட்டெழுதச் சுகமில்லை என்று இரண்டாம் நாளே கழற்றிவிட்டானாம்.