'1953' பேர் (Bear) கம்பெனி வில் விற்பனைக்கு வந்தால் உஷார்!

பழைய ரீகர்வ் வில் (நுனிகள் எதிர்ப்பக்கம் வளைந்த வில்) ஆன்லைனில் தேடுகிறவர்கள் கவனத்துக்கு. '1953 பேர் கோடியாக், துளை எதுவும் கிடையாது, அப்படியே வேட்டைக்கு எடுத்துப் போகலாம்' என்ற விளம்பரத்தை நம்பி 350 டாலர் கொடுத்தேன். வந்தது 1953-ல் செய்ததும் இல்லை, துளை இல்லாததும் இல்லை, வேட்டைக்கும் ஆகாது.

பேர் கம்பெனியின் கோடியாக் மாடலான இந்த வில்லுக்கு ஏன் இத்தனை கிராக்கி என்று கேட்பீர்கள். ஃபிரெட் பேர் 1933-ல் டெட்ராய்ட்டில் தொடங்கிய கம்பெனி, 1947-ல் அதே மிச்சிகன் மாநிலத்தின் கிரேலிங் ஊருக்குக் குடிபெயர்ந்தது. வெறும் மரவில் நாளாக ஆக வளைந்தபடியே நின்றுவிடும், சமயத்தில் ஒடிந்தும் போகும். மேப்பிள் பட்டையின் இருபுறமும் ஃபைபர் கிளாஸ் ஒட்டி அந்தத் தொல்லையைத் தீர்த்தவர்களில் பேர் முக்கியமானவர். அறுபது வருஷத்துப் பழைய வில் இன்றைக்கும் அம்பு விடுகிறதென்றால் அதுதான் காரணம். 1969-ல் ஹோலஸ் ஆலன் கப்பியும் கேபிளும் வைத்த காம்பவுண்டு வில்லுக்குப் பேட்டன்ட் வாங்கினார். அடுத்த சில வருஷங்களில் வேட்டைக்காரர்கள் கப்பி வைத்த வில்லுக்கு மாற, ரீகர்வெல்லாம் பரணுக்குப் போனது. இப்போது கப்பியும் கேபிளும் அலுத்துப்போனவர்கள் பழசைத் தேடுகிறார்கள். மெலிசாக, இழைத்து இழைத்து மெருகேற்றிய அந்தக் கைப்பிடியை ஒருமுறை பிடித்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

தேடுகிறவர்கள் பெருகினால் ஏமாற்றுகிறவர்களும் பெருகுவார்கள்தானே.

முதல் பொய், வருஷம். பேர் வில்லின் கையில், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பாகத்தில், பொடி எழுத்தில் 'கனடா 1953' என்று இருக்கும். அது பேட்டன்ட் சம்பந்தப்பட்ட வருஷம், வில் செய்த வருஷம் அல்ல. 1960-களில் வந்த வில்களிலும் அதே எழுத்து உண்டு. கைப்பிடியில் பதித்த வட்டக் காசைப் பாருங்கள்: அந்தக் காசே 1959-ல்தான் வந்தது, அதுவும் செம்பில். வெள்ளி நிறக் காசெல்லாம் அதற்கும் பிறகு. எனக்கு வந்ததில் வெள்ளி நிறம். வாங்கும் முன்பே காசின் நிறத்தைக் கேட்டிருந்தேன். 'பழசு சார், மங்கிப்போச்சு' என்று பதில். அனுப்பிய படங்களெல்லாம் மறுபக்கத்தில் எடுத்தவை.

இரண்டாவது, துளை. அந்தக் காலத்தில் சைட் (குறிபார்க்கும் கருவி) மாட்டுவதற்காக வில்லில் ஸ்க்ரூ போடுவது சாதாரணம். இதில் ஜன்னல் (கைப்பிடிக்கு மேலே குறிபார்க்க வெட்டிவிட்ட இடம்) பக்கம் ஓரிடத்தில் மட்டும் வார்னிஷ் கொஞ்சம் கூடுதலாகப் பளபளத்தது. நகத்தால் சுரண்டினேன், பழுப்பு மெழுகு உருண்டையாகக் கையோடு வந்தது, கீழே ஸ்க்ரூ ஓட்டை. பக்கத்திலேயே இன்னொன்று.

மூன்றாவதுதான் மோசம். நாண் ஏற்றி நுனியிலிருந்து பார்த்தால், கீழ்க்கை முறுக்கிக்கொண்டு நாண் ஓரத்துக்கு ஒதுங்கி நிற்கிறது. வில்லைத் தொடைக்கு நடுவில் கொடுத்து நாணேற்றியே பழகியவர்கள் கையில் இப்படி ஆகும். விளம்பரத்தில் நாண் ஏற்றிய படம் ஒன்றுகூட இல்லாததன் ரகசியம் இதுதான். கேட்டால், 'பழைய பொருள் இருக்கிற நிலையில்தான் விற்கிறேன்' என்கிறார். 'துளை கிடையாது' என்று எழுதியது யாராம்?

ஆகவே காசின் படம், நாண் ஏற்றி இரு நுனியிலிருந்தும் எடுத்த படம், ஜன்னலின் இருபுறப் படம், இத்தனையும் வராமல் பணம் அனுப்பாதீர்கள். கைக்கு வந்ததும் பஞ்சை எடுத்துக் கைகளின் நெடுக மெல்லத் தேயுங்கள். விரிசல் இருந்தால் நார் சிக்கும். பரணில் வெந்து பசை விட்ட வில்லும் சந்தையில் நிறைய உண்டு, விளிம்பில் பட்டை பிரிகிறதா பாருங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து மட்டும் விட்டுவிடாதீர்கள், நல்ல வில்லே உடைந்துவிடும். இழுபடாத நவீன ஃபாஸ்ட் ஃபிளைட் நாணும் வேண்டாம், கொஞ்சம் இழுபடுகிற டேக்ரான் நாண் போதும்.

பணத்தை 'நண்பருக்கு அனுப்புவது' போல அனுப்பச் சொன்னார் விற்றவர், கட்டணம் மிச்சமாம். மறுத்துவிட்டு வாங்குபவர் பாதுகாப்புள்ள வழியில் கட்டினேன். அதனால் முறையிட முடிந்தது, வில்லின் விலை திரும்பி வந்தது. போக வர அனுப்புக்கூலி இரண்டும் என் தலையில்.