தானியத் தட்டா, செடியா?
நம்ம வீடு கடலூர் மஞ்சக்குப்பத்துல, கொல்லைப்பக்கம் கொஞ்சம் எடம் இருக்கு. கலர் கலரா குருவி வரணும்னு மொதல்ல ஒரு மண் தட்டுல கம்பு, அரிசி நொய் போட்டு வெச்சேன். வந்துச்சு, யாரு? புறா. அப்புறம் காக்கா, அணில். பச்சைக்கிளி ரெண்டு தடவ வந்துச்சு, பாக்க அழகுதான் ஆனா புறா கூட்டத்துல நிக்கவே இல்ல. தட்டை தினமும் கழுவணும், இல்லன்னா எச்சமும் ஊறுன நொய்யும் சேந்து பறவைக்கே சீக்கு வரும், மழைக்காலத்துல இன்னும் மோசம்.

செடி விஷயம் வேற. முருங்கை பூத்தா தேன்சிட்டு தானா வருது, அதுக்கு தானியமே வேணாம், தேனும் பூச்சியும்தான், குஞ்சுக்கு சிலந்தி புடிச்சு ஊட்டும். ஆண் குருவி கழுத்து வெயில்ல ஊதாவா மின்னும் பாருங்க, அதுக்காகவே காலைல காபியோட அங்கதான் உக்காருவேன். கறிவேப்பிலை பழம் பழுத்தா கொண்டைக்குருவி, குயில் ரெண்டும் வரும். தேன்பழ மரம் இருந்தா செம்மார்பு குக்குறுவான் கூட வரும், டொக் டொக்னு செம்பு தட்டுற மாதிரி கத்தும். ஆனா மரம் வளர ஒன்னு ரெண்டு வருஷம் ஆகும், அதான் கஷ்டம்.

எனக்கு செடிதாங்க. வாடகை வீடா இருந்தா தானியத்த விட்டுட்டு ஒரு அகலமான மண் சட்டியில தண்ணி வைங்க, ரெண்டு விரல் ஆழம் போதும், சித்திரை வெயில்ல அதுக்குத்தான் கூட்டமே.